ஓசையில்லாமல் பழுதாகும் பாகங்கள்

எஞ்சினில் கோளாறு வந்தால் இழுவை குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். கிளட்ச் தேய்ந்தால் மேட்டில் ஏறும்போது தெரிந்துவிடும். முன் டயர் ஒன்றில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் அந்தப் பக்கமாக இழுக்கும். ஆனால் பின்புற பிரேக் லைட் எரியாமல் போனால், பெரும்பாலான கார்களில் ஓட்டுபவருக்கு எந்த அறிகுறியும் கிடைப்பதில்லை. சீட் பெல்ட்டின் பூட்டும் பொறி வேலை செய்யாவிட்டாலும், ஹெட்ரெஸ்ட் தவறான உயரத்தில் இருந்தாலும் கார் வழக்கம்போலவே ஓடும். அவை தேவைப்படும் அந்த ஒரு நொடி வரும்வரை குறை வெளியே தெரியாது. காரின் மின்சாதனங்களையும் பாதுகாப்பு அமைப்புகளையும் நாமே தேடிச் சென்று சோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மெக்கானிக் தேவையில்லை. கண்ணும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

சோதனையின் முதல் படியைக் கார் தானாகவே செய்து காட்டுகிறது. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருசேர எரிகின்றன. ஏர்பேக் விளக்கும், அவசர பிரேக்கில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் விளக்கும் சில நொடிகளில் அணைந்துவிட, பேட்டரி, ஆயில் விளக்குகள் எஞ்சின் கிளம்பிய பிறகே அணைகின்றன. அந்தச் சில நொடிகளைக் கவனிக்காமல் உடனே ஸ்டார்ட் செய்துவிடுவதுதான் நம்மில் பலருடைய பழக்கம். அணையாத விளக்கு பழுதைச் சொல்வதுபோலவே, எரியவே எரியாத விளக்கும் பழுதைச் சொல்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பழைய கார் வாங்குவோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஏர்பேக் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்றால், பழுதை மறைப்பதற்காக அந்த விளக்கையே யாரோ துண்டித்திருக்க வாய்ப்பு உண்டு. ஓடும்போது எரியும் சிவப்பு விளக்குக்கு உடனே ஓரம் கட்ட வேண்டும். மஞ்சள் விளக்குக்குச் சற்று அவகாசம் உண்டு, ஆனால் மாதக்கணக்கில் அல்ல.

ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் பலரும் பேட்டரியைத்தான் குறை சொல்கிறார்கள். உண்மையில் அது, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்னேற்றம் வரவில்லை என்பதையே பெரும்பாலும் குறிக்கிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் அறுந்திருக்கலாம். அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் சுழற்றும் வண்டியாக இருந்தால், எஞ்சின் விரைவில் சூடேறி இன்னும் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். ஆகவே அந்த விளக்கு எரிந்தால் ஏசியையும் மற்ற மின்சாதனங்களையும் அணைத்து, வெப்பநிலை காட்டியின் மேல் ஒரு கண் வைத்தபடி, பத்திரமாக நிறுத்தக்கூடிய முதல் இடத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது.

பேட்டரியின் நிலையை அறிய, வோல்ட்டை அளக்கும் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில், முழு மின்னேற்றம் உள்ள 12 வோல்ட் ஈய அமில பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு மின்னேற்றமே இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். குறைந்த மின்னேற்றத்திலேயே நாள்கணக்கில் விடப்படும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிகங்கள் கெட்டிப்படுகின்றன. அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய திறன் திரும்புவதில்லை. பக்கத்துத் தெரு வரை போய்வருவதற்கு மட்டுமே பயன்படும் கார்களின் பேட்டரி சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கிளப்பும்போது செலவான மின்சாரத்தை ஈடுசெய்ய ஆல்டர்னேட்டருக்கு நேரமே கிடைப்பதில்லை.

பானெட்டைத் திறந்தால் பேட்டரியில் கேபிள் மாட்டும் முனையான டெர்மினலைச் சுற்றி வெண்மையாகவோ, நீலம் கலந்த பச்சையாகவோ பொடி பூத்திருப்பதைப் பார்க்கலாம். தொட்டால் உதிரும் அந்தப் பொடி அமிலத்தால் விளைவது. வெறுங்கையால் துடைக்கக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரைப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் அது நுரைத்து இளகிவிடும். பிறகு நன்றாக உலர்த்தி, கிளாம்பை இறுக்கி, மேலே லேசாக வாசலைன் தடவலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசையைச் சிலர் சடங்குபோல ஒப்பிக்கிறார்கள். காரணம் தெரிந்தால் ஒருபோதும் மறக்காது. காரின் உலோக உடல் முழுவதும் நெகட்டிவுடன் இணைந்திருக்கிறது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போதே பாசிட்டிவைக் கழற்றப்போய், ஸ்பேனரின் மறுமுனை உடலில் எங்காவது பட்டுவிட்டால், பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். ஸ்பேனர் சிவக்கும், தீப்பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வெடிக்கவும் கூடும்.

பேட்டரி தீர்ந்த காரை வேறொரு காரின் பேட்டரியால் கிளப்பும்போதும், அதாவது ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போதும் இதே எச்சரிக்கைதான். சிவப்புக் கேபிளின் ஒரு முனையை இறந்த பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டிய பிறகு, அதன் கடைசி முனையை இறந்த பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத கனமான உலோகப் பகுதி ஒன்றில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும் என்பதால் அதை ஹைட்ரஜன் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்கிறோம்.

ஃபியூஸ் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஹார்னோ, வைப்பரோ, பவர் விண்டோவோ திடீரென்று நின்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ் பெட்டியைத்தான். அதன் மூடியின் உட்புறத்திலோ காரின் கையேட்டிலோ எந்த ஃபியூஸ் எதற்கு என்ற படம் இருக்கும். சாவியை அணைத்துவிட்டு, ஃபியூஸை இடுக்கியால் உருவி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், பிளாஸ்டிக்கின் உள்ளே இரண்டு கால்களையும் இணைக்கும் மெல்லிய உலோகப் பட்டை நடுவில் அறுந்து, அதன் இருபுறமும் புகைக்கறை படிந்திருப்பது தெரியும். வழக்கமான பிளேடு ஃபியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போன ஃபியூஸின் அதே அளவைத்தான் மாட்ட வேண்டும். 10 ஆம்பியர் மறுபடி மறுபடி போகிறதே என்று 20-ஐ மாட்டுவது தீவிபத்தை அழைப்பதாகும், ஏனெனில் ஃபியூஸ் காப்பது விளக்கையோ மோட்டாரையோ அல்ல, அவற்றுக்குச் செல்லும் வயரை. வயர் தாங்குவதைவிட அதிக அளவு ஃபியூஸைப் போட்டால், அடுத்த முறை உருகுவது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயராக இருக்கும். புதிய ஃபியூஸும் உடனே போகிறது என்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எலக்ட்ரீஷியனின் வேலை.

விளக்குகளைச் சோதிக்கத் துணைக்கு ஆள் வேண்டும் என்பதில்லை. இருட்டிய பிறகு காரின் பின்பக்கம் ஒரு சுவரைப் பார்த்திருக்கும்படி நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி ரியர் வியூ கண்ணாடியில் பார்த்தால், சுவரில் விழும் சிவப்பு வெளிச்சம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முன்பக்கமும் அவ்வாறே. இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக டிக்டிக்கென்று அடித்தால், அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போயிருக்கிறது என்று பொருள். ஹாலஜன் பல்பை மாற்றும்போது அதன் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி, பல்பின் ஆயுளைக் குறைத்துவிடும்.

டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண்கள் பொறித்த சிறிய சக்கரம் ஒன்று பல கார்களில் இருக்கிறது. அது எதற்கு என்று தெரியாமலேயே பலரும் காரை விற்றுவிடுகிறார்கள். பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் சுமையும் ஏறினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முகப்பு உயரும். ஹெட்லைட் வெளிச்சமும் எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக ஏறிவிடும். டிம் செய்தும் எதிரே வருபவர் நம்மை நோக்கி லைட் அடிக்கிறார் என்றால், இந்தச் சக்கரத்தைத்தான் பார்க்க வேண்டும். எண் கூடக் கூட வெளிச்சம் கீழே இறங்கும். ஹசார்ட் விளக்கு வண்டி நின்றுவிட்டது அல்லது முன்னால் திடீர் ஆபத்து என்று தெரிவிப்பதற்கானது. மழையில் அதைப் போட்டுக்கொண்டே ஓட்டினால், பல கார்களில் நாம் எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்பதைப் பின்னால் வருபவருக்குச் சொல்ல வழியே இல்லாமல் போகிறது.

ஏ.பி.எஸ். உள்ள காரில் அவசரமாக பிரேக் போடும்போது, மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. அந்த அமைப்பு வேலை செய்வதன் அடையாளமே அது. முழு பலத்துடன் மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பித் தடையிலிருந்து விலக வேண்டும். ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு நம் உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும். கழுத்து மட்டத்தில் இருந்தால் பின்னாலிருந்து மோதும்போது கழுத்தைக் காப்பதற்குப் பதிலாக முறிக்கவே உதவும்.

ஏர்பேக் முப்பது மில்லிநொடி அளவிலேயே விரிந்துவிடும் வேகம் கொண்டது. அந்த வேகத்தால்தான் அது உயிரைக் காக்கிறது. மிக அருகில் இருப்பவரை அதே வேகம் காயப்படுத்தவும் செய்யும். மார்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயக்கத்தில் உள்ள முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. மஞ்சள் நிற இணைப்பான்கள் பொதுவாக ஏர்பேக்கின் வயர்களுக்கு உரியவை. மியூசிக் சிஸ்டம் மாட்டுபவராக இருந்தாலும் சரி, சீட் கவர் போடுபவராக இருந்தாலும் சரி, அவற்றை இழுக்க விடாதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைகளுக்குச் சாதாரண சீட் கவர் போடுவதும் அது விரிவதைத் தடுக்கும்.

இத்தனைக்கும் அடிப்படை சீட் பெல்ட். பெல்ட் அணியாதவரை ஏர்பேக்கால் முறையாகக் காக்க முடியாது. 1959-ல் வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை பெல்ட்டையே இன்றும் அணிகிறோம். அதன் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள அன்றே திறந்துவிட்டார்கள். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கர்ப்பிணிகள் அதை வயிற்றுக்குக் கீழே இறக்கி அணிய வேண்டும். மேல்பட்டை தோளின் நடுவே செல்ல வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது பெல்ட்டைச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். அது பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு முழு நீளத்தையும் மெதுவாக வெளியே இழுத்து, வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே இருக்கும் பகுதியையும் விரலால் தடவி, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா, எங்காவது வெட்டோ நைவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையை விட்டதும் பெல்ட் தயங்காமல் உள்ளே போக வேண்டும். கடுமையான மோதல் ஒன்றைத் தாங்கிய பெல்ட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், அதன் நூல் நீண்டிருக்கும், இழுத்துப் பிடிக்கும் பொறியும் ஒருமுறை வெடித்து முடிந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகத்தான் மாட்ட வேண்டும்.