ரூபவாஹினி கம்பத்தில் ஏறிய வயர்லெஸ்

2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் இலங்கையைத் தாண்டி வந்து பாம்பனுக்குப் பக்கத்துக் கடலில் நகராமல் நின்றது. தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் முதலில் கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போனது. என் அக்கா மண்டபத்தில், ஓட்டு வீட்டில் இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நேர்கோட்டில் பத்து கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் நடுவில் கடலும் பாலமும். அவள் பத்திரமாக இருக்கிறாள் என்பது எனக்குத் தெரிய மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது.

அன்று ராத்திரி முழுக்க எனக்கு அப்பத்தா ஞாபகம்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது அவர் ராமேஸ்வரத்தில் இருந்தார். பாம்பன் ரயில் பாலம் உடைந்து தீவே தனியாகிப் போனது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியாமல் கிடந்த நாட்களைத்தான் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அலையைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை.

நான் டிவி மெக்கானிக். புயல் முடிந்த வாரமே வாக்கி டாக்கி வாங்கிவிடலாம் என்று இணையத்தில் தேடினேன். விலை குறைவாகத்தான் இருந்தது. கடைக்கு வரும் ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோக்காரர் ஒருவர்தான் தடுத்தார். "தம்பி, லைசென்ஸ் இல்லாம அந்த பட்டனை அமுக்காதீங்க. அதுலயும் இந்தக் கரையில வேண்டவே வேண்டாம்" என்றார். இலங்கைப் போர்க் காலத்தைப் பார்த்த கரை இது. இங்கே வயர்லெஸ் என்றாலே நாலு கேள்வி வரும், வருவதும் நியாயம்தான். 2004 சுனாமி சமயத்தில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமான் போயிருந்த ஹாம் ரேடியோக் குழு (லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக வயர்லெஸ் பேசுகிறவர்கள்), போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குத் தகவல் கடத்திய கதையையும் அவர்தான் சொன்னார். நானும் படித்து அந்த லைசென்ஸுக்கான பரீட்சை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

பரீட்சையை நடத்துவது மத்திய தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யு.பி.சி. பிரிவு. சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 12 வயது ஆனாலே எழுதலாம் என்பதால், அக்கா மகனையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு பக்கம் நான் பேசி மறுபக்கம் பேச ஆள் இல்லையென்றால் என்ன பிரயோஜனம்? ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற ஆரம்ப நிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளைச் சொல்லும் தந்திமுறை) தேவையில்லை. ரேடியோ தியரி ஒரு பகுதி, சட்டதிட்டம் ஒரு பகுதி. ஒவ்வொன்றிலும் குறைந்தது 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வாங்கினால் பாஸ். தியரியில் எனக்குப் பயமில்லை. விதிகளைத்தான் மருமகன் கேள்வி கேட்டுக் கேட்டு என் மண்டையில் ஏற்றினான். சென்னைக்குப் போய் எழுதினோம், இரண்டு பேரும் பாஸ்.

அப்புறம்தான் காத்திருப்பு. போலீஸ் விசாரணை, அடையாளச் சான்று, முகவரிச் சான்று என்று மாதக்கணக்கில் போனது. விசாரணைக்கு வந்தவர் வீட்டில் உட்கார்ந்து, எதற்கு இது என்று நிதானமாகக் கேட்டார். அக்கா கதையைச் சொன்னேன், எழுதிக்கொண்டு போனார். 20 வருட லைசென்ஸுக்கு 1,000 ரூபாய், வாழ்நாள் முழுக்க என்றால் 2,000. வயர்லெஸ்ஸில் எங்களை அடையாளம் காட்டும், வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கைக்கு வந்த அன்று மருமகன் அதைப் பள்ளி நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டான்.

ஆளுக்கொரு 5 வாட் கைசெட் வாங்கினோம். முதல் நாள் என் மாடியிலிருந்து நானும் அக்கா வீட்டு வாசலிலிருந்து அவனும் கூப்பிட்டோம். இரைச்சல் மட்டுமே கேட்டது. செட்டில் பழுதோ என்று கூடப் பார்த்தேன். பழுதில்லை. 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய கண் பார்வை போகிற தூரம்தான் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று வரும். கையில் பிடித்த செட் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் 5 கிலோமீட்டர். எதிராளிக்கும் 5. வெட்டவெளியில் மொத்தம் பத்து. நான் மாடியில் நின்றது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் நடுவில் பனங்காடும் வீடுகளும் இருக்கின்றனவே.

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் ஊரே பாடம் சொன்னது. எண்பதுகளில் இந்தக் கரை முழுக்க வீட்டுக்கு வீடு கம்பம் நட்டு, இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்த்தோம். படம் புள்ளி புள்ளியாக வந்தால் இன்னொரு பைப்பைச் சேர்த்து உயர்த்துவோம், வேறு வைத்தியம் கிடையாது. எங்கள் மாடியில் அப்பா நட்ட அந்த 20 அடி ஜி.ஐ. பைப் துருப்பிடித்தபடி இன்னும் நின்றுகொண்டிருந்தது. மாடியோடு சேர்த்தால் 9 மீட்டருக்கு மேல் வரும். கணக்குப்படி அது ஒன்றே 12 கிலோமீட்டர் எட்டும்.

பழைய ஆன்டெனாக்களில் வந்த 300 ஓம் தட்டை வயர் கடையில் ஒரு சுருள் கிடந்தது. அதில் ஒன்றரை மீட்டர் வெட்டி ஸ்லிம் ஜிம் என்ற ஆன்டெனா செய்தேன். கேபிளைப் பற்றவைக்கும் புள்ளி சில மில்லிமீட்டர் மேலே கீழே போனாலும் எஸ்.டபிள்யு.ஆர். மாறும். ஆன்டெனாவுக்குப் போகும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு அது, 1-ஐ நெருங்க நெருங்க நல்லது. சின்ன மீட்டரை வைத்து அன்று மத்தியானம் முழுக்க அதோடு மல்லுக்கட்டி 1.3-க்குக் கொண்டு வந்தேன். ஆசையாகக் கொண்டுபோய் பைப்பை ஒட்டிக் கட்டினேன். மீட்டர் 3-ஐத் தாண்டிவிட்டது! பக்கத்தில் இரும்பு இருந்தால் ஆன்டெனாவின் குணம் மாறிவிடும். அதனால் பி.வி.சி. குழாய்க்குள் அதைப் போட்டு, குழாயோடு சேர்த்து மறுபடி அளந்து, இரும்புக் கம்பத்தின் உச்சிக்கு மேலே நிற்கிற மாதிரி கட்டினேன். டிவி ஆன்டெனா படுத்திருக்கும், இது நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் படுத்தும் மறுபக்கம் நின்றும் இருந்தால் சிக்னலில் பெரும்பங்கு வீண்.

கேபிளிலும் பார்க்க வேண்டியது உண்டு. ஆர்.ஜி.58 மெல்லிய கேபிளை 20 மீட்டர் இழுத்தால் பாதிக்கு மேல் சக்தி அதிலேயே தீர்ந்துவிடும். நான் டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி.6 போட்டேன். அது 75 ஓம், செட் 50 ஓம். அந்த வித்தியாசத்தைக் கைசெட் தாங்கிக்கொள்ளும், இழப்பும் குறைவு. இணைப்புகளில் சைக்கிள் டியூப் ரப்பரை இழுத்துச் சுற்றினேன், ஏனென்றால் உப்புக்காற்று செம்பைச் சும்மா விடாது.

அன்று சாயங்காலம் மருமகன் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல வந்தது. அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு "நல்லாக் கேக்குது மாமா, ஓவர்" என்றான். அக்கா செட்டை வாங்கிப் பேசப் பார்த்தாள், அவன் தரவில்லை. சாதாரண நாளில் லைசென்ஸ் இல்லாதவர் பேசக்கூடாது.

புயலில் கம்பம் நிற்குமா என்று கேட்பார்கள். நிற்காது, நிற்கவும் விடக்கூடாது. காற்று வலுக்கும் முன்பே ஆன்டெனாவை இறக்கி, இடி இருந்தால் கேபிளையும் கழற்றிவிடுகிறேன். அதற்காகவே இன்னொரு ஸ்லிம் ஜிம்மைச் சுருட்டிப் பையில் வைத்திருக்கிறேன். காற்று அடங்கியதும் தங்கூசியின் (மீன்பிடிக்கும் நைலான் நரம்பு) நுனியில் ஈயக்குண்டைக் கட்டி, பனை மட்டைக்கு மேல் வீசி, மறுமுனையில் ஆன்டெனாவைக் கட்டி இழுத்தால் பத்து நிமிடத்தில் மேலே போய்விடும். வீசிப் போடும் வேலையை மச்சான் செய்கிறார். நாட்டுப்படகுக்காரர் கை, ஒரே வீச்சில் சரியான மட்டையில் விழும். அதுவும் முடியாவிட்டால் 49 சென்டிமீட்டர் வயரைச் செட்டின் ஆன்டெனா அடிப்பகுதி உலோகத்தில் சேர்த்துத் தொங்கவிடுவோம். அந்த வால் இருந்தாலே குட்டி ரப்பர் ஆன்டெனா கொஞ்சம் தெளிவாகப் பேசும்.

மச்சான், படகில் இருக்கும் வி.எச்.எஃப். செட்டோடு இதில் பேசலாமா என்று கேட்டார். கூடாது. கடலுக்கான 16-ஆம் சானல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதற்கு அனுமதி தனி. எங்களுக்கு 144 முதல் 146 வரை.

பேட்டரிதான் எனக்குப் பெரிய கவலை. பேசும்போது அது வேகமாக இறங்கும். அதனால் மணிக்கு ஒரு முறை, மணி அடித்ததும் ஐந்து நிமிடம் மட்டும் செட்டைத் திறப்பது என்று பேசி வைத்தோம். சேதியை முதலில் நோட்டில் எழுதுவோம். யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை வார்த்தை. கேட்டவர் திருப்பி வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பழகினோம்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, போன் எடுக்கவில்லை. எதிர்வீட்டு மதினி, ராமநாதபுரத்தில் இருக்கும் மகள் பதறிக்கொண்டிருப்பாளே என்று வாசலில் நின்றார். இயற்கைச் சீற்றத்தின்போது பொதுமக்களின் சேதியைக் கடத்த எங்கள் விதி இடம் தருகிறது. மழை விட்ட இடைவெளியில், இடி இல்லை என்று பார்த்துக்கொண்டு, மச்சான் தங்கூசியை வீசினார். நான் எழுதினேன்: "அம்மா நலம். வீட்டுக்குள் தண்ணீர் இல்லை. இன்சுலின் நாலு நாளுக்கு உள்ளது." ஒன்பது வார்த்தை. மருமகன் ஒவ்வொன்றாகத் திருப்பி வாசித்தான். மண்டபத்தில் அவன் வீட்டுப் பக்கம் போன் வேலை செய்தது, அங்கிருந்து மகளைக் கூப்பிட்டான்.

அடுத்த மணிக்குப் பதில் வந்தது. அதையும் நோட்டில் எழுதி, தண்ணீரில் இறங்கிப் போய் மதினியிடம் படித்துக் காட்டினேன். "அம்மா, ஊசியை ஃப்ளாஸ்கில் வை. பாலம் திறந்ததும் வருகிறேன்." அந்தத் தாளைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.