மூன்று நாள் தோள்வலி

பீரியட்ஸ் தொடங்குவதற்கு முந்தின ராத்திரி வலது தோளில் வலி வரும். படுத்தால் கூடும், மூச்சை இழுத்தால் விலாவுக்கு அடியில் குத்தும். மூன்றாம் நாள் சுவடே இருக்காது. ஸ்கூட்டி ஓட்டுவதால்தான் என்றார் எலும்பு டாக்டர். கழுத்து எக்ஸ்ரே, பிசியோதெரபி, அம்மா தேய்த்துவிட்ட தைலம் என்று இரண்டு வருடம் போயிற்று.

பால் கணக்கு எழுதும் காலண்டரில் பீரியட்ஸ் நாளுக்கு வட்டமும் வலி நாளுக்குப் பெருக்கல் குறியும் போட ஆரம்பித்தேன். ஏழு மாதம், ஏழு முறையும் இரண்டும் ஒட்டியே வந்தன. காலண்டரையே கழற்றிக்கொண்டு மகளிர் நல டாக்டரிடம் போனேன். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்ந்து பீரியட்ஸோடு வலிக்கும் நோய் என்றார்கள். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) அதனால் சூலகத்தில் வந்த சாக்லேட் கட்டி ஒன்றை எடுத்தார்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையைப் பற்றி "உதரவிதானம் இயல்பு" என்று டிஸ்சார்ஜ் தாளில் இருந்தது. அடுத்த மாதமே தோள் வலித்தது.

இரண்டாவதாகப் பார்த்த சர்ஜன் அந்த ஆபரேஷன் வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தொப்புள் வழியாகப் போகும் கேமராவுக்கு உதரவிதானத்தின் முன்பக்கம்தான் தெரியுமாம். பின்பக்கத்தைக் கல்லீரல் மறைத்துவிடும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புவதால்தான் வலி தோளில் தெரிகிறது என்றார். எம்.ஆர்.ஐ.யைப் பீரியட்ஸ் இரண்டாம் நாளில் எடுக்கச் சொன்னார். கல்லீரலுக்குப் பின்னால், உதரவிதானத்தில், அதே நோயின் திட்டுகள் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. இந்த ஸ்கேனில் எல்லோருக்கும் தெரிந்துவிடாதாம், எனக்கு அதிர்ஷ்டம்.

ஆபரேஷனில் என்னை இடப்பக்கமாகச் சாய்த்து, கல்லீரலைப் பிடித்திருக்கும் தசைநாரை வெட்டி, கல்லீரலைக் கீழே தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் திட்டுகளில் ஒன்று உதரவிதானத்தைத் துளைத்து மறுபக்கம் வரை போயிருந்தது. நெஞ்சு சர்ஜனும் கூட இருந்து, அந்த இடத்தையே வெட்டியெடுத்துத் தைத்தார்கள். நெஞ்சில் ட்யூப் இரண்டு நாள். தையலைவிட அதுதான் படுத்தியது. மூச்சை இழுத்துப் பந்துகளை எழுப்பும் பயிற்சிக் கருவியான மூன்று பந்து ஸ்பைரோமீட்டரில் முதல் நாள் ஒரு பந்துகூட முழுசாக எழும்பவில்லை.

கண் விழித்ததும் வலது தோள் வலித்தது. எல்லாம் வீண் என்று அழுதேவிட்டேன். ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வரும் வலி, இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று நர்ஸ் அக்கா சொன்னார். போய்விட்டது.

அப்புறம் இன்சூரன்ஸ். கர்ப்பப்பை நோய்க்கு நெஞ்சில் ட்யூப் எதற்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பயாப்சி ரிப்போர்ட், சர்ஜன் கடிதத்தோடு காலண்டர் பக்கங்களின் ஜெராக்ஸையும், பால் கணக்கோடு, சேர்த்துக் கொடுத்தேன்.