காந்தாரம் சஸ்பெண்ட் ஆன கதை

ஏற்காட்டுப் பள்ளி நினைவுகள் என்றால் ஏரியையும் பனிமூட்டத்தையும் பற்றி மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் கிதார் பழகிய என் சுண்டுவிரலைப் பற்றி எழுதுகிறேன்.

ஏற்காட்டு விடுதியில் 'சஸ்பெண்ட்' என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: சுவரேறிக் குதித்தவன் பெட்டியோடு 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சேலத்தில் அப்பா முன் நிற்பது. அதனால் இசை மாஸ்டர், "இன்று சஸ்பெண்டட் கார்ட்" என்றதும் பின்வரிசையில் ஒரே சிரிப்பு.

"சரியாகத்தான் சிரிக்கிறீர்கள்" என்றார் அவர். "ச, க, ப மூன்று ஸ்வரங்களும் சேர்ந்து ஒலித்தால் கார்ட். 'க' என்ற காந்தாரத்தை சஸ்பெண்ட் செய்துவிட்டு, அடுத்த ஸ்வரமான மத்யமத்தைப் பொறுப்பில் உட்கார வையுங்கள், அது சஸ் ஃபோர். முந்தைய ஸ்வரமான ரிஷபத்தை உட்கார வைத்தால் சஸ் டூ." முந்தைய கார்டின் ஸ்வரம் ஒன்று இறங்க மனமில்லாமல் அடுத்த கார்டிலும் தங்கிவிடுவதால் வந்த பெயர் என்று பிறகு விளக்கினார். என் மண்டையில் ஏறியது முதல் விளக்கம்தான்.

கிதாரின் டி கார்டில் நடுவிரல் முதல் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள கட்டத்தில்) இருக்கும்; அதுதான் காந்தாரம். அதே தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் சுண்டுவிரலை வைத்தால் சஸ் ஃபோர். இரண்டு விரலையும் எடுத்துவிட்டால் சஸ் டூ. என் சுண்டுவிரலோ அதுவரை எந்த வேலைக்கும் போகாத விரல். பக்கத்துத் தந்தியில் சாய்ந்து அதையும் ஊமையாக்கும். நுனி காய்த்து, ஒலி தெளிய மூன்று வாரமாயிற்று. காந்தாரம் இல்லாததால் மகிழ்ச்சியாக ஒலிக்கும் மேஜரும் இல்லை, சோகமாக ஒலிக்கும் மைனரும் இல்லை. பெற்றோர் வரும் ஞாயிற்றுக்கிழமை, கடைசி வளைவில் பஸ் உறுமுகிறதா என்று காதைத் தீட்டி நிற்போமே, அந்த ஒலி.

ஆண்டு விழாவில் இறைவணக்கத்துக்கு நான்தான் கிதார். சஸ் ஃபோரில் நிறுத்தி, பாடுகிறவர்கள் மூச்சு வாங்கியதும் டி கார்டில் இறங்க வேண்டும். மலையின் ஈரத்தில் தந்திகள் சீக்கிரம் துருப்பிடிக்கும்; முதல் தந்திதான் இருப்பதிலேயே மெல்லியது. சுண்டுவிரலை அழுத்தினேன். படீர்.

அப்போதுதான் உறைத்தது: அந்தப் பிடியில் மத்யமம், காந்தாரம், ரிஷபம் மூன்றுக்கும் அந்த ஒற்றைத் தந்திதான் வீடு. மிச்சமிருந்தது ச, ப, ச. கிதார் தம்புராவாகிவிட்டது. மாஸ்டர் ஓரத்திலிருந்து கையசைத்தார். நிறுத்தாமல் அதையே மீட்டினேன். பிள்ளைகள் அதன்மேல் பாடி முடித்தார்கள். கைதட்டல்கூட வந்தது.

மேடையிலிருந்து இறங்கியதும் மாஸ்டர் கிதாரை வாங்கி, சுருண்டு தொங்கிய தந்தியைப் பார்த்தார்.

"சஸ்பெண்ட் செய்யத்தானே சொன்னேன்? டிஸ்மிஸே செய்துவிட்டாயே!"