ரசமட்டத்துக்குள் என்ன ரசம்?

மதுரைப் பக்கம் கட்டடம் நடக்கிற எந்த இடத்திலும் கொத்தனார் பையில் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கிடக்கும். முன்னது நூலில் தொங்கவிட்டுச் சுவர் செங்குத்தா என்று பார்க்கிற குண்டு. பின்னது கண்ணாடிக் குழாயில் ஓடும் குமிழியை வைத்துத் தளம் சமமா என்று பார்க்கிற கருவி. அந்தக் குழாய்க்குள் இருப்பது பாதரசம் என்றே பலரும் நம்புகிறார்கள். அதற்கு நியாயமும் உண்டு. கண்ணாடி மங்கினால் 'ரசம் போயிருச்சு' என்கிறோமே, அந்த ரசம் ஒரு காலத்தில் வெள்ளீயமும் பாதரசமும் கலந்த பூச்சுதான். ஆனால் மட்டத்துக்குள் இருப்பது ஆல்கஹால் அல்லது அதுபோன்ற மெல்லிய திரவம், கூடவே பச்சை, மஞ்சள் சாயம்.

பெயர் தப்பில்லை. ரசம் என்ற வடசொல்லுக்கு முதல் பொருளே சாறு. சோற்றில் ஊற்றுகிற ரசமும் அதுதான். 'நீர்மம் காட்டும் மட்டம்' என்று படித்தால் சரியாகப் பொருந்துகிறது. மட்டத்தில் இருப்பது 'மட்டு', அதாவது அளவு. பழந்தமிழில் கள்ளுக்கும் மட்டு என்று பேர். அது வேறு சொல், இங்கே இழுக்கக் கூடாது.

ஆங்கிலத்தில் இது ஸ்பிரிட் லெவல். ஸ்பிரிட் என்றால் வடித்த சாராயம். 1660களில் பிரான்ஸில் மெல்கிசெடெக் தெவெனோ உருவாக்கிய கருவி. தூக்குக்குண்டுக்கான 'பிளம்ப்' லத்தீன் பிளம்பத்திலிருந்து, அதாவது ஈயத்திலிருந்து வந்தது. பிளம்பரும் அதே வேர்தான். நம் தூக்குக்குண்டு உலோகத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்கிறது. எனக்கு அதுதான் பிடித்த பெயர்.

தண்ணீர் ஏன் ஆகாது? குளிர்நாட்டில் உறைந்து குழாயை உடைத்துவிடும். ஆல்கஹால் உறைய மைனஸ் 114 டிகிரி வேண்டும். நமக்கு அந்தப் பயமில்லை. ஆனாலும் தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை அதிகம், குமிழி ஒட்டி ஒட்டி நகரும். ஆல்கஹாலில் வழுக்கிக்கொண்டு ஓடும். சித்திரை வெயிலில் திரவம் விரிந்து குமிழி சுருங்கும். அதனால் குமிழியின் ஒரு முனையை மட்டும் குழாயில் போட்டிருக்கும் கோட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள்.

மட்டத்தையே சோதிக்க, தரையில் ஒரு முனை சுவரைப் பார்த்தபடி வைத்து, குமிழி எந்தப் பக்கம் போகிறது என்று குறியுங்கள். சுவர்ப் பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வையுங்கள். குமிழி மறுபடியும் சுவர்ப் பக்கமே போனால் தரை சாய்வு. மட்டத்தின் அதே முனைக்குப் போனால் கோளாறு மட்டத்தில். உடனே தூக்கிப் போட வேண்டாம். அடி விளிம்பில் காய்ந்த சிமென்ட் ஒட்டியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். சுரண்டிவிட்டு இன்னொரு தடவை திருப்பிப் பாருங்கள்.