செவ்வாய்க்கிழமை மேட்சும் அந்த நீள த்ரோவும்

நாளைக்கு சாயங்காலம் மேட்ச். ராத்திரி பத்தரை ஆகுது, பசங்களோட க்விஸ் பேப்பர் திருத்தலாம்னு எடுத்து வச்சேன், மனசு அதுல போகவே மாட்டேங்குது, சரி இதை எழுதிட்டாவது தூக்கம் வருதான்னு பாப்போம்னு உக்காந்துட்டேன்.

தெரியாதவங்களுக்கு: நான் டெக்ஸாஸ்ல ஒரு பப்ளிக் ஹைஸ்கூல்ல மேத்ஸ் எடுக்கறேன், கூடவே கேர்ள்ஸ் சாக்கர் (நம்ம ஊர் ஃபுட்பால்) டீமுக்கு அசிஸ்டன்ட் கோச். எங்க குரூப்ல முதல் நாலு டீம்தான் ப்ளேஆஃப் போகும். நாங்க இப்ப அஞ்சாவது. நாளைக்கு எங்க கிரவுண்டுக்கு வர்றவங்க நாலாவது. முதல் ரவுண்ட்ல அவங்க ஊர்ல போய் 2-1னு தோத்துட்டு வந்தோம், அந்த ரெண்டு கோலும் த்ரோ இன்ல, அதாவது பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டிப் போன பந்தை கையால உள்ள வீசறதுல வந்தது. அவங்க ரைட் பேக் (வலது பக்கம் தடுத்து ஆடறவ) ஒரு பொண்ணு, பந்தை கையில எடுத்து நாலடி ஓடி வந்து வீசினா அது கார்னர் கிக் மாதிரி நேரா கோலுக்கு முன்னாடி வந்து இறங்குது. பஸ்ல திரும்பி வரும்போது எங்க பொண்ணுங்க ஒருத்தியும் பேசல.

இங்க தயார் பண்றதுக்கு நேரம் ரொம்ப கம்மிங்க. மேட்ச் எல்லாம் பெரும்பாலும் செவ்வாயும் வெள்ளியும். ஸ்கூல் போட்டிகள நடத்துற யூஐஎல் அமைப்போட ரூல்படி ஸ்கூல் நேரத்துக்கு வெளிய வாரத்துக்கு 8 மணி நேரம்தான் ப்ராக்டிஸ் வைக்கலாம், ஞாயித்துக்கிழமை பிள்ளைங்கள கிரவுண்டுக்கே கூப்பிடக்கூடாது, கோச்சுங்க மட்டும் உக்காந்து வீடியோ பாக்கலாம். வெள்ளிக்கிழமை 80 நிமிஷம் ஓடின கால்களுக்கு சனிக்கிழமை ரெஸ்ட் குடுத்தாச்சு. ஆக கையில இருந்தது திங்கட்கிழமை ஒரே ஒரு ப்ராக்டிஸ்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஹெட் கோச் வீட்ல உக்காந்து அவங்களோட ரெண்டு மேட்ச் முழுசா பாத்தோம், நான் பாட்டுக்கு நோட்ல எழுதிக்கிட்டே இருந்தேன், யார் எந்தக் காலு, யார் சீக்கிரம் களைச்சுப் போறா, கீப்பர் எந்தப் பக்கம் பலவீனம்னு நாலு பக்கம். ஹெட் கோச் அதை வாங்கிப் பாத்துட்டு, "இதுல த்ரோவ மட்டும் வச்சுக்கோ, மத்ததெல்லாம் நமக்கு, பிள்ளைங்களுக்கு இல்ல"ன்னாங்க. எனக்கு முதல்ல மனசு ஆறல. ஆனா ஒரே ஒரு சாயங்காலத்துல 15 வயசுப் பொண்ணுங்க தலையில நாலு பக்கத்தையும் ஏத்தினா களத்துல நின்னு யோசிச்சிட்டே இருப்பாங்க, பந்து போயிடும். அவங்க சொன்னது சரி.

இப்ப ஒரு கணக்கு சொல்றேன், இதுதான் எனக்கு ரெண்டு நாளா தூக்கத்தைக் கெடுத்தது. இங்க நிறைய ஸ்கூல்ல சாக்கருக்குன்னு தனி மைதானம் கிடையாது, அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டேடியத்துலயே கோடு போட்டு ஆடறதுதான். அந்த ஃபுட்பால் களத்தோட அகலம் 53 யார்ட்டும் சொச்சமும், சுத்தி ஓட்டப்பந்தய ட்ராக் வேற, அதனால சாக்கருக்கு அகலமா இழுக்க இடமே இல்ல. ஹைஸ்கூல் ரூல்ல அகலம் 55ல இருந்து 80 யார்ட் வரைக்கும் இருக்கலாம். எங்களோடது 60. அவங்களோடது 70. கோல் அகலம் 8 யார்ட். அப்ப பக்கவாட்டுக் கோட்ல இருந்து பக்கத்து போஸ்டுக்கு அவங்க கிரவுண்டுல 31 யார்ட், எங்க கிரவுண்டுல வெறும் 26. அங்க வேகம் தணிஞ்சு போஸ்ட் பக்கம் விழுந்த அதே த்ரோ இங்க வேகம் குறையாம கீப்பர் மூஞ்சிக்கு நேரா வரும். சொந்த ஊர்ல ஆடறது நமக்கு லாபம்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க, எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. இங்கிலாந்துல ஸ்டோக் சிட்டிக்கு ரோரி டெலாப்னு ஒருத்தர் ஆடினார், 2008-ல அவங்க ப்ரீமியர் லீக்குக்கு மேல வந்தப்ப பெரிய பெரிய டீமெல்லாம் அவர் த்ரோவப் பாத்து நடுங்கினாங்க, சின்ன வயசுல ஈட்டி எறிஞ்ச கை அது. ஸ்டோக் ஆளுங்க தங்க கிரவுண்ட வேணும்னே குறுக்கலா வச்சிருந்தாங்க. நாங்க எதிராளிக்கு அந்த வசதிய சும்மாவே பண்ணிக் குடுக்கறோம்.

த்ரோல இன்னொரு சிக்கல், நேரா வர்ற த்ரோவுக்கு ஆஃப்சைடு, அதாவது கீப்பரைத் தவிர கடைசியா தடுத்து நிக்கறவளையும் தாண்டி நின்னு பந்தை வாங்கக்கூடாதுங்கற ரூல், கிடையாது. அதனால அவங்க ரெண்டு பேர எங்க கீப்பர் மேல ஒட்டி நிறுத்திடறாங்க. வீடியோவ திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்ததுல புரிஞ்சது, கோல் விழறது த்ரோல இல்ல, அதுக்கு அடுத்த தொடுதல்ல. உயரமான பொண்ணு ஒருத்தி பக்கத்து போஸ்ட்ல நின்னு தலையால பின்னாடி தட்டி விடறா, தூரத்து போஸ்ட்ல ஒருத்தி ஓடி வந்து முடிக்கறா. தலையில பட்ட நிமிஷத்துல இருந்து ஆஃப்சைடு மறுபடி உண்டு. நாங்க போன தடவை ரெண்டு போஸ்ட்லயும் ஆள் நிறுத்தி இருந்தோம், கோட்டுமேல நின்ன அந்த ரெண்டு பொண்ணுங்களாலதான் அவங்க எல்லாருமே ஆன்சைடு ஆனாங்க. நாளைக்கு போஸ்ட்ல யாரும் நிக்கப் போறதில்ல. உயரமான பொண்ணுக்கு முன்னாடி ஒருத்தி, பின்னாடி ஒருத்தி, தூரத்துப் பக்கம் ஓடி வர்றவளோட ஒருத்தி, அவ்வளவுதான்.

இன்னிக்கு ப்ராக்டிஸ்ல முதல் 20 நிமிஷம் வழக்கமான வார்ம்-அப், முட்டிக்காகப் பண்றது, ஃபிஃபா 11 ப்ளஸ்னு சொல்வாங்களே அது. நேரம் இல்லைன்னு இதுல கை வைக்கவே மாட்டேன். ஏசிஎல்னு முட்டிக்குள்ள இருக்கற தசைநார் கிழியறது பசங்கள விட பொண்ணுங்களுக்கு ரெண்டு மடங்குக்கு மேல, போன வருஷம் எங்க பொண்ணு ஒருத்திக்குக் கிழிஞ்சு அவ சீசன் முழுக்க பெஞ்ச்ல ஊன்றுகோலோட உக்காந்திருந்தத பாத்தவ நான். எந்த மேட்சும் அதுக்கு ஈடில்ல.

அப்புறம் த்ரோ. எங்க டீம்ல ரொம்ப தூரம் வீசற பொண்ணுக்கே 20 யார்ட்தான் போகும். அதனால அவள கோட்ல நிறுத்தாம 6 யார்ட் உள்ள கொண்டு வந்து நிறுத்தி வீசச் சொன்னேன், பந்து நாளைக்கு வரப்போற மாதிரியே வந்துச்சு. முதல் நாலஞ்சு த்ரோல ஒரே கலவரம், ஒருத்தி மேல ஒருத்தி மோதிக்கிட்டு. பத்தாவதுக்கு மேல கீப்பர் "என்னோடது!"ன்னு கத்த ஆரம்பிச்சா. அந்தக் குரல்தான் எனக்கு வேணும்.

கஷ்டம் வேற இடத்துல இருந்துச்சு. எங்க லெஃப்ட் பேக் ஒன்பதாவது படிக்கற பொண்ணு, 14 வயசு. சீசன் ஆரம்பத்துல இருந்து அவளுக்கு நாங்க சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு, சந்தேகமா இருந்தா பந்தை வெளிய அடிச்சிடு. அதை நம்பித்தான் அவ தைரியமா ஆடிட்டு இருக்கா. நாளைக்கு வெளிய அடிச்சா அவங்களுக்கு ஒரு த்ரோ, அதாவது பாதி கோல். அவகிட்ட போய், இத்தனை நாள் சரின்னு சொன்னது நாளைக்கு மட்டும் தப்புன்னு எப்படிச் சொல்றது? அவ முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. ஹெட் கோச்தான் பக்கத்துல வந்து, கோட்டை ஒட்டி முன்னாடி நீளமா அடி, முடியலைன்னா நம்ம கோல் கோட்டுக்குப் பின்னாடி அடிச்சு கார்னர் குடுத்துடு, அவங்க கார்னர் சாதாரணம்தான், அதுக்கு யாரும் உன்னைத் திட்ட மாட்டோம்னாங்க. கார்னர் குடுக்கலாம்னு கோச்சே சொன்னதும் அவளுக்கு மூச்சு வந்துச்சு. அதுக்கப்புறம் பத்து தடவ பண்ணிப் பாத்தோம், ஏழு தடவ சரியா அடிச்சா.

த்ரோவ மட்டும் பேசிட்டு விட்டிருந்தா பொண்ணுங்க பயத்தோடதான் வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஒரு எதிரிய எப்படித் தடுக்கறதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்தா அந்த எதிரி ராத்திரிக்குள்ள ரெண்டு மடங்கு வளந்துடுவா. நோட்ல எழுதின நாலு பக்கத்துல ஒரு வரிய மட்டும் அதனாலதான் ஹெட் கோச்கிட்ட கேட்டு திரும்ப சேத்துக்கிட்டேன். அந்த ரைட் பேக் பொண்ணு ரெண்டு பக்கத்து த்ரோவும் அவளே வீசறா. இடது பக்கத்துல த்ரோன்னா களத்தோட முழு அகலத்தையும் தாண்டி ஓடி வரணும், அவ விட்டுட்டு வந்த இடத்துல யாருமே இல்ல, ரெண்டு வீடியோலயும் அப்படியே. அதனால எங்க லெஃப்ட் விங்கர் டிஃபென்ஸுக்கு வர வேண்டாம், நடுக்கோட்லயே நிக்கட்டும். கீப்பர் பிடிச்ச உடனே எதையும் பாக்காம அவளுக்குத் தூக்கிப் போடணும். இதை கடைசி 15 நிமிஷம் ஆடினோம். மூணாவது தடவைலயே கோல். எல்லாரும் கத்தின கத்துல பக்கத்து டென்னிஸ் கோர்ட்ல இருந்து திரும்பிப் பாத்தாங்க. விங்கர் பொண்ணு என்கிட்ட ஓடி வந்து, "கோச், அவ நிறைய த்ரோ வீசினா நமக்கு நல்லதுதானா?"ன்னு கேட்டா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

கீப்பர் இன்னும் பத்து த்ரோ வேணும்னு கேட்டா. நேரம் முடிஞ்சது, இருட்டிடுச்சு, வீசற பொண்ணுக்குக் கை வலி. அஞ்சு மட்டும் குடுத்தோம். நாலு பிடிச்சா.

நாளைக்கு சாயங்காலம் வடக்குக் காத்து பலமா இருக்கும்னு போட்டிருக்கான். எங்க ஸ்கோர்போர்டு இருக்கறது வடக்குப் பக்கம். டாஸ் ஜெயிச்சா முதல் பாதியில நாம அந்தப் பக்கத்து கோலைத்தான் காக்கணும், அவங்க வீசற பந்தை காத்து கோல்ல இருந்து வெளிய தள்ளும், பொண்ணுங்களுக்கு முதல் நாலஞ்சு த்ரோவ சமாளிச்சுப் பழக நேரம் கிடைக்கும். இதை இன்னிக்கு சொல்ல மறந்துட்டேன். கேப்டன் காலைல முதல் பீரியட் என் அல்ஜீப்ரா கிளாஸ்லதான் இருப்பா, அட்டெண்டன்ஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.