மின்கித்தாருக்கு அடியில் தகிட தகதிமி

இதை எழுதும்போதும் இடது காதில் ரீங்காரம் ஓயவில்லை. சிங்கப்பூரின் எஸ்பிளனேடு கலை அரங்கில் ஆண்டுதோறும் நடக்கும் பேபீட்ஸ் இசை விழாவில் இரண்டே இரவுகளில் 14 இசைக்குழுக்களைக் கேட்டுவிட்டு நேற்றுக் காலைதான் மலேசியாவில் எங்கள் ஊரான ஜொகூர் பாரு திரும்பினேன். டிக்கெட் கிடையாது, அத்தனையும் இலவசம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு, அதாவது டாலருக்கு, மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து மாற்றுகிற எங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லை தாண்டிப் போய் வருபவர்களுக்குத் தெரியும்.

ஆனால் பஸ்! எங்கள் ஊரையும் சிங்கப்பூரையும் இணைக்கும், 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். வெள்ளிக்கிழமை மாலை அதைக் கடக்க எனக்கு இரண்டேகால் மணி நேரம் பிடித்தது. குடிநுழைவுச் சோதனைக்கு இறங்கி, வரிசையில் நின்று வெளியே வந்தால் வந்த பஸ் போய்விட்டிருந்தது. அடுத்ததில் கூட்டம் நெரிய, ஒற்றைக் காலில் நின்றபடி சிங்கப்பூர்ப் பக்கத்து உட்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை போவதென்றால் மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். இந்தத் தாமதத்தால் அன்று முதல் இரண்டு குழுக்களைத் தவறவிட்டேன். விரிகுடா ஓரமாக ஒரு கடையில் குச்சியில் குத்திச் சுட்ட கறியான சாத்தே பத்துக்கு அவர்கள் கேட்ட விலையில் எங்கள் ஊரில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். கறியும் ரப்பர்.

அந்த எரிச்சலில்தான் சனிக்கிழமை ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்தேன். நல்ல வேளை! புதிய குழுக்களைத் தேர்வு வைத்து எடுத்து, அனுபவமுள்ள கலைஞர்களிடம் பயிற்சி கொடுத்து மேடையேற்றுவது இந்த விழாவின் வழக்கம். அப்படி வந்த நான்கு இளைஞர்கள் முதலில் வாசித்தார்கள். கேட்க முப்பது பேர்கூட இல்லை. இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் வாசித்த பெண்ணின் கோல் ஒடிந்து முன்வரிசையில் வந்து விழுந்தது. அவள் குனியவில்லை. வலது கை தாளத்தை விடாமல் பிடித்திருக்க, இடது கை பக்கத்தில் தொங்கிய பையிலிருந்து வேறொரு கோலை உருவிக்கொண்டது.

பேஸ் கித்தார் வாசித்தவன் தமிழ்ப் பையன். அவன் போட்டிருந்த சட்டையில் ருத்ரா என்று இருந்தது. சமஸ்கிருதச் சுலோகங்களைக் கடும் மெட்டல் இசையில் பாடும் ருத்ரா, இதே சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய குழு. எனக்குப் பக்கத்தில் நூல்சேலை கட்டிய ஓர் அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கை விரல்கள் தொடையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. உற்றுப் பார்த்தேன். மூன்று, நான்கு, மூன்று, நான்கு. கர்நாடக இசையின் மிஸ்ர சாப்பு தாளம்! மேடையில் அதிர்ந்துகொண்டிருந்த பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஆறு வருடம் மிருதங்கம் படித்தான். இப்போது இதைப் பிடித்துக்கொண்டான்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து கொஞ்சம் பஞ்சைக் கிள்ளிக் கொடுத்தார். "இந்தா தம்பி, நீயும் வைத்துக்கொள்."

அதன்பிறகு அந்தப் பாட்டில் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. கித்தார்களின் இரைச்சலுக்கு அடியில் தகிட தகதிமி, தகிட தகதிமி என்று பேஸ் மட்டும் நடந்துகொண்டிருந்தது. இரவு கடைசியாக வந்த பெரிய குழுவுக்குப் புகையும் விளக்கும் ஏராளம், கூட்டம் அலைமோதியது. பாடியவரின் குரல் ஒரு வரிகூடத் தெளிவாகக் காதில் விழவில்லை. என்னைக் கேட்டால், பெரிய பெயர்களுக்காக மட்டும் போகாதீர்கள். ஐந்து மணிக்கே போங்கள்.

நடுவில் மழை கொட்டியது. திறந்தவெளி மேடையில் ஒலிபெருக்கிகளைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிட்டு முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

கடைசி ரயிலை விட்டுவிட்டேன். வாடகை வண்டிச் செயலி முதலில் 21 வெள்ளி காட்டியது. கைப்பேசியை எடுத்து மாமாவிடம் தகவல் சொல்லி முடிப்பதற்குள் 39 ஆகிவிட்டது. அதே சாலை, அதே வண்டி, எப்படி இது நியாயம்? மீட்டர் டாக்சி பிடித்தேன். நள்ளிரவுக்குப் பிறகு ஐம்பது விழுக்காடு கூடுதல், ஆனாலும் 33இல் முடிந்தது. நூறு ரிங்கிட் போயிற்று.

யீஷூனில் மாமா தூங்காமல் காத்திருந்தார். விடிய விடியத் திறந்திருக்கும் புரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனார். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று இரண்டு முட்டைப் புரோட்டா, மீன் குழம்பு, இஞ்சி தட்டிப் போட்ட தேநீரான தே ஹாலியா. இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்குச் சரியாகக் கிடைத்த ஒரே சாப்பாடு அதுதான்.

நான் எடுத்த காணொளியில் கித்தார்க்காரனின் இடுப்பளவு முடியைப் பார்த்ததும் மாமா நிறுத்தச் சொன்னார். எழுபதுகளில் அரசு அலுவலகங்களில், நீண்ட முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று சுவரொட்டியே ஒட்டியிருந்தார்களாம். 1972இல் லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு நீண்ட முடியால்தான் இங்கே வாசிக்க முடியாமல் போனது. பள்ளி நாட்களில் அப்பாவே முடிதிருத்தும் கடைக்கு இழுத்துப் போனதை மாமா இரண்டு முறை சொன்னார். மறுபடியும் காணொளியைப் போடச் சொல்லிக் கடைசிவரை பார்த்தார்.

இன்று வேலை என்பதால் ஞாயிறு இரவை என்னால் பார்க்க முடியவில்லை. நேற்றிரவு எட்டு மணிக்கு மாமா ஒரு படம் அனுப்பினார். மேடைக்கு மிக அருகிலிருந்து எடுத்தது. கீழே ஒரு வரி: "பஞ்சு கொண்டுவர மறந்துவிட்டேன்."