விட்டு விட்டுப் போட்ட கோடுகள்

நிலவியல் வரைபடத்தில் ஒரு பிளவுக்கோடு, அதாவது பாறை உடைந்து நகர்ந்த இடத்தைக் காட்டும் கோடு, மூன்று விதமாக வரும். பாறையை நேரில் பார்த்துக் குறித்த இடத்தில் முழுக்கோடு. ஏறக்குறைய இங்கேதான் என்று தோன்றிய இடத்தில் விட்டு விட்டுப் போட்ட கோடு. வண்டல் மூடிக் கிடந்தால், அடியில் இப்படித்தான் போகும் என்ற ஊகத்தில் வெறும் புள்ளிகள்.

பழைய காகித வரைபடங்களை ஜிஐஎஸ் என்னும் கணினி வரைபட மென்பொருளுக்குள் கொண்டுவருவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. ஸ்கேன் செய்து, மூலையில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்துப் பொருத்தி, கோட்டின் மேல் கிளிக் செய்துகொண்டே போக வேண்டும். மவுஸுக்கு முழுக்கோடும் ஒன்றுதான், புள்ளிக்கோடும் ஒன்றுதான். வரைந்தவர் வெயிலில் நின்று தயங்கிய தயக்கம் அங்கேயே காணாமல் போய்விடுகிறது.

இதில் ஜூம் வேறு. 1:50,000 வரைபடத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 25 மீட்டர் அகலம். காகிதத்தில் அது கண்ணுக்குத் தெரியும். திரையில் எவ்வளவு நெருங்கிப் போனாலும் மயிரிழையாகவே நிற்கும். பிளவு கட்டடத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டால்கூட மென்பொருள் கூசாமல் பதில் சொல்லும்.

அதனால் ஒவ்வொரு கோட்டின் விவரமும் பதிவாகும் அட்ரிப்யூட் டேபிளில் இரண்டு பத்திகளை நான் விட்டுக்கொடுப்பதில்லை: கோடு எந்த வகை, மூல வரைபடத்தின் அளவுகோல் என்ன. புதிதாக வருபவர்கள் சலித்துக்கொள்வார்கள். கோட்டின் இருபுறமும் பஃபர் என்னும் எச்சரிக்கைப் பட்டை போடும்போதுதான் அருமை தெரியும். புள்ளிக்கோட்டுக்குக் கூடுதல் அகலம் கொடுக்க வேறு வழி கிடையாது.

உயரத் தரவிலும் இதே கதைதான். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் என்னும் நில உயரத் தரவு இல்லாமல் எங்கள் பிழைப்பு ஓடாது. ஆனால் அடர்ந்த காட்டில் அந்த ரேடார் தரை வரை இறங்கவில்லை; மரங்களுக்குள்ளேயே நின்று, அந்த உயரத்தையே தரை என்று பதிவு செய்துவிட்டது. சமதளத்தில் காடு முடியும் ஓரத்தில், அடுத்தடுத்த இரு 30 மீட்டர் கட்டங்களுக்கு நடுவே 15 மீட்டர் வித்தியாசம் வந்தால், கணக்குக்கு அது சுமார் 27 டிகிரி சரிவு. நிலச்சரிவு வரைபடத்தில் காட்டோரம் முழுக்கச் சிவப்புப் பட்டை! செயற்கைக்கோள் படத்தை அடியில் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சரி, டேபிளில் எல்லாம் இருக்கிறது. ஆனால் வாங்குபவர் கேட்பது பிடிஎஃப். அதில் டேபிள் போகாது. எனவே கோட்டு வகையை வைத்தே குறியீடு கொடுத்து அனுப்புகிறேன். அறிக்கை அச்சுக்குப் போகும்போது, பார்க்க அழகாக இல்லை என்று யாராவது எல்லாவற்றையும் முழுக்கோடாக்கி விடுகிறார்கள்.